பந்தும் ஆடுகளமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நமக்கு முன்னர்ப் பேசிய புலவர் பெருமக்கள் சிலம்பையும் குறளையும் எடுத்துரைத்து அவையை மகிழ்வித்தனர். எஸ்.எஸ்.எல்.சி.யோடு ஏட்டை மூடிவிட்டுப் பார்சல் சீட்டுகளுக்கும் எடைப் பதிவேடுகளுக்கும் நடுவே காலங் கழிக்கும் நாம் அவர்களுக்குப் பின் நின்று பேசுவது சற்றுத் துணிச்சலே. ஆயினும், "இலக்கியம் பேச ஆள் உண்டு, கிரிக்கெட் பந்தைப் பற்றிப் பேச நீங்கள்தான் வேண்டும்" என்று செயலாளர் கட்டளையிட்டுவிட்டார். மறுக்க வழியில்லை. ஆடு மேய்த்தாற்போலும் ஆயிற்று, அண்ணனுக்குப் பெண் பார்த்தாற்போலும் ஆயிற்று என்பார்களே, அதுபோல இவ்வுரையின் வாயிலாகச் சங்கத்தின் முன் இரண்டு விண்ணப்பங்களையும் வைத்துவிட எண்ணுகிறோம்.

விளையாட்டுக் குழுவின் பெட்டியில் வீட்டுக்கு வீடு திரட்டிய பணம் இருக்கிறது. விலையுயர்ந்த பந்துகள் ஒரு டஜன் வாங்க வேண்டும் என்பர் ஒரு சாரார். சிமெண்டுத் தளமிட்டுக் கயிற்றுப்பாய் விரிக்க வேண்டும் என்பர் மற்றொரு சாரார். பேச்சு முற்றி, பணம் பெட்டியிலேயே உறங்குகிறது. இது ஒன்று. மற்றொன்று இதனினும் பெரிது. பாயிண்ட்ஸ்மேன் வீட்டுப் பிள்ளை ஒருவன், பதினாறு வயது, வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவன் பந்து வீசுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். பக்கத்துப் பள்ளியின் பாய் விரித்த களத்தில் அவன் பந்தைத் தொட அஞ்சாத மட்டையாளர் இல்லை. அவன் சென்ற ஆண்டு ஓர் அணித் தேர்வுக்குச் சென்றான். அங்கே புல்தரை ஆடுகளம். பன்னிரண்டு பந்துகள் வீசச் சொன்னார்கள். ஒன்றும் திரும்பவில்லை, அடி விழுந்தது, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் தந்தையார் அவனுடைய காலணிகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். "இங்கே புலி, அங்கே பூனை" என்று குடியிருப்பிலும் ஒரு சொல் உலவுகிறது. அந்தச் சொல் சரிதானா என்று பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பந்து என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். நடுவில் தக்கை, அதன்மேல் இறுகச் சுற்றிய கம்பளி நூல், அதற்கு மேல் தோல். நல்ல பந்தில் தோல் நான்கு துண்டாக இருக்கும். மலிவானதில் இரண்டே துண்டு. இரு பாதிகளும் சேரும் இடத்தில் ஆறு வரிசைத் தையல். ஆடவர் ஆட்டத்துப் பந்து 155.9 கிராமுக்குக் குறையாமலும் 163 கிராமுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. சுற்றளவு 22.4 முதல் 22.9 செண்டிமீட்டர். அரைச் செண்டிமீட்டருக்கும் எட்டுக் கிராமுக்கும் இடம் கொடாத விதி! பார்சல் எடையில் இத்துணைக் கண்டிப்பு இருந்தால் நம் அலுவலகத்தில் நாளொன்றுக்கு நான்கு சண்டை குறையும்.

ஆனால் விதி ஒன்றாயினும் பந்துகள் ஒன்றல்ல. மீரட் நகரில் செய்யப்படும் எஸ்.ஜி. பந்து கையால் தைக்கப்படுவது. அதன் தையல் விரலுக்கு நன்றாகத் தட்டுப்படும். இந்தியாவில் நடக்கும் டெஸ்டு ஆட்டங்களில் இதுவே வழங்குகிறது. அந்நிறுவனம் 1931-இல் சியால்கோட்டில் பிறந்து, நாட்டுப் பிரிவினைக்குப் பின் இப்பக்கம் வந்தது. புலம்பெயர்ந்த நம்மைப் போலவே அதற்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தின் டியூக்ஸ் பந்தும் கைத்தையலே. ஆஸ்திரேலியாவின் கூக்கபரா பந்தில் நடு இரண்டு வரிசைகள் மட்டும் கைத்தையல், ஏனையவை இயந்திரத் தையல். ஆகையால் தையல் விரைவில் படிந்துவிடும். இம்மூன்றில் எது சிறந்தது என்று நம் இளைஞர்கள் தேநீர்க் கடையில் மணிக்கணக்கில் வாதிடுகின்றனர். எங்கே வீசுவதற்கு என்று கேட்காமல் அவ்வினாவுக்கு விடை கூறல் இயலாது. எந்த எருது நல்லது என்றால், சேற்றுழவுக்கா வண்டிக்கா என்றுதானே உழவர் கேட்பர்?

இதைச் சொல்லால் நிறுவுவதைவிடச் செயலால் காட்டுவது நலம் என்று கருதி, சென்ற மார்கழியில் மூன்று பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு ஒரு சிறு சோதனை செய்தோம். ஆடுகளத்தை ஆராய்வோர் கையாண்ட பழைய முறை ஒன்று உண்டு. பந்தைப் பதினாறு அடி உயரத்திலிருந்து விட்டு, அது எவ்வளவு எழுகிறது என்று அளப்பார்கள். எழும்பும் உயரம் முப்பது அங்குலத்தை எட்டினால் அது மிக விரைவான களம். பதினைந்துக்குக் கீழே போனால் மந்தமான களம். நமக்குக் கருவி ஏது? கயிற்றால் அளந்து பார்த்தபோது, மேல்மாடிக் கைப்பிடிச் சுவர் ஏறக்குறைய அந்த உயரம் வந்தது. அளவுகோலுக்குப் பதிலாகப் பிள்ளைகளுள் உயர்ந்தவனைச் சுவரோரம் நிறுத்தினோம். மூன்று பந்துகள் எடுத்துக்கொண்டோம்: புதியது ஒன்று, ஒரு பருவம் முழுதும் ஆடித் தேய்ந்தது ஒன்று, சாக்கடையில் விழுந்து நனைந்து உலர்ந்தது ஒன்று.

வெறுஞ் சிமெண்டுத் தரையில் புதுப் பந்து பிள்ளையின் மார்பளவு எழுந்தது. அதே சிமெண்டின்மேல் கயிற்றுப்பாயை இழுத்துக் கட்டி விட்டபோது இடுப்பளவு. நம் மைதானத்துச் செம்மண்ணில், வெயில் காய்ந்த நண்பகலில், முழங்காலை எட்டவில்லை. இரவு மழை பெய்தது. மறுநாள் காலை அதே இடத்தில் அதே பந்து கணுக்காலோடு நின்றுவிட்டது. நகரத்து மைதானம் ஒன்றில் அனுமதி பெற்று, புல்தரைப் பயிற்சிக் களத்தின் ஓரத்தில் ஏணி வைத்து விட்டுப் பார்த்தோம். முழங்காலுக்குச் சற்று மேலே வந்தது. தேய்ந்த பந்து எல்லாத் தரையிலும் ஒரு கைப்பிடி குறைவு. நனைந்து உலர்ந்ததோ சிமெண்டிலே செத்த எலிபோல விழுந்தது. வீட்டுத் தராசில் நிறுத்ததில் அது விதியின் மேல் எல்லையைத் தாண்டியிருந்தது. அதைக்கொண்டு சிறுவர்கள் ஆறு மாதமாக ஆடிவந்தனர் என்பதை நினைக்கத் தோள் வலிக்கிறது.

ஒரே பந்து, ஒரே கை, ஒரே உயரம். எழுச்சி மட்டும் மார்பிலிருந்து கணுக்கால் வரை. இவ்வளவும் எழுச்சியைப் பற்றியதே. பந்து தரையைப் பற்றித் திரும்புவது வேறு கணக்கு. கயிற்றுப்பாயின் முரட்டு இழைகள் சுழலும் பந்தைக் கடித்துப் பிடிக்கின்றன. பாயைத் தளர்வாகக் கட்டினால் பிடி மிகும், திருப்பம் மிகும். முறுக்கிக் கட்டினால் வேகமும் எழுச்சியும் மிகும். ஆணியடிப்பவரிடம் ஆட்டத்தின் பாதி இருக்கிறது என்றால் அது மிகையன்று. அதே பாய், தோலின் பளபளப்பைச் சில ஓவர்களிலேயே தின்றுவிடும். பளபளப்புப் போனால் காற்றில் வளையும் பந்து வளையாது. ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்து, நடுவே தையல் நிமிர்ந்து நின்றால்தான் காற்று இருபுறமும் வெவ்வேறாக ஓடிப் பந்தை ஒரு பக்கம் தள்ளும். புல்தரையில் அந்தப் பளபளப்பு நெடுநேரம் நிற்கும். ஆனால் பந்தைக் கடித்துப் பிடிக்க அங்கே இழைகள் இல்லை.

பாயில் வளர்ந்த வீச்சு எத்துணை வலியது என்பதற்குப் பெருஞ்சான்றுகள் உண்டு. இங்கிலாந்தின் சிட்னி பார்ன்ஸ் 1913-14-இல் தென்னாப்பிரிக்காவின் பாய்க் களங்களில் நான்கே டெஸ்டுகளில் 49 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஒரு தொடரில் அதனை விஞ்சியவர் இன்றளவும் இல்லை. 1956 அக்டோபரில் கராச்சியில் கயிற்றுப்பாய் மீது பாகிஸ்தானின் பஸல் மகமூது ஆஸ்திரேலியரை இரு முறையும் சுருட்டி 114 ஓட்டங்களுக்கு 13 விக்கெட்டுகள் பெற்றார். அவ்வாட்டத்தின் முதல் நாள் முழுவதும் இரு அணிகளும் சேர்த்து எடுத்தவை 95 ஓட்டங்கள் மாத்திரமே. பாயின்மேல் விரலால் வெட்டி விடும் பந்து அவருக்கு வாய்த்தது. நம் பிள்ளைக்கு வாய்த்திருப்பதும் அதே வகைதான். ஒப்பிடுவதாக நினைக்க வேண்டா, வகையைச் சொல்கிறோம்.

ஈண்டு ஒரு சிறு விலகல். கயிற்றுப்பாய் நமக்கு அயலூர்ச் சரக்கன்று. இங்கிருந்து வடக்கே சில மணி நேர இரயில் பயணத்தில் இருக்கும் ஆலப்புழையில், ஜேம்ஸ் டாரா என்பவர் 1859-இல் இந்தியாவின் முதல் கயிற்றுப்பாய் ஆலையை நிறுவினார். தென்னை நாரை ஊறவைத்து, அடித்து, திரித்து, நெய்து உலகெங்கும் அனுப்பிய நாடு இது. அந்நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் ஆடப் பாய் இல்லாமல் பக்கத்துப் பள்ளியின் தயவை நாடி நிற்பது என்ன முறை?

புல்தரைக்கும் ஒரு சான்று கூறுவோம். 1959 டிசம்பரில் கான்பூரில் புதிதாகப் போட்ட புல்தரைக் களம். அக்களத்தின் மண்ணைக் கண்ட தேர்வுக் குழுத் தலைவர் லாலா அமர்நாத், ஜசு பட்டேல் என்னும் சுழல் வீச்சாளரை அணியில் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பட்டேல் முதல் இன்னிங்சில் 69 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகளும் அடுத்ததில் 55-க்கு 5-உம் எடுத்தார். ஆஸ்திரேலியாவை இந்தியா டெஸ்டில் வென்றது அதுவே முதல் முறை. முதலில் தரையைப் பார்த்து, பிறகு கையைத் தேர்ந்தார் அமர்நாத். நம் பிள்ளையைத் தேர்வு செய்யச் சென்ற இடத்தில் தரையைப் பற்றிப் பேசியவர் எவருமில்லை.

நம் ஊருக்கே வருவோம். 1988 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவினரை 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகள் என வீழ்த்தினார். களம் சரிவரப் பக்குவப்படாமல் பந்து பம்பரமாகத் திரும்பியது. இரண்டு வாரமும் ஆகவில்லை. அதே மேற்கிந்தியத் தீவினர் ஜனவரி 25 அன்று நம் பல்கலைக்கழக மைதானத்தில் ஒருநாள் ஆட்டம் ஆடினர். ஸ்ரீகாந்த் நூறு அடித்து இந்தியா 239 எடுத்தது. எதிரணியினர் ஒரே ஒரு விக்கெட்டை இழந்து அதைத் தாண்டினர். டெஸ்டும் ஒருநாள் ஆட்டமும் வேறு என்பதை அறிவோம். ஆயினும் ஆட்கள் பலர் அவர்களே. தரை மாறிற்று, கதை மாறிற்று. அக்காலத்தைக் கண்ட முதியவர்கள் இவ்வவையிலும் இருக்கின்றனர். விழா முடிந்தபின் அவர்களைக் கேட்டால் இரவு விடியும்வரை சொல்வார்கள்.

களம் மாறத்தான் மாறும், ஊர் வேறல்லவா என்று கேட்கலாம். ஒரே ஊரில், ஒரே மைதானத்தில் நிகழ்ந்ததையும் கூறுகிறோம். காரியவட்டம் கிரீன்பீல்டு மைதானத்தை நாம் அறிவோம். 2022 செப்டம்பர் 28 இரவு. களத்தில் புல்லும் ஈரமும் இருந்தன. தென்னாப்பிரிக்கர் பதினைந்தே பந்துகளில் 9 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து நின்றனர். வெள்ளைப் பந்து காற்றில் வில்லாக வளைந்தது. 106 ஓட்டங்களோடு அவர்கள் முடிக்க, விரட்டிய இந்தியரும் முதல் ஆறு ஓவர்களில் 17 ஓட்டங்களே எடுத்தனர். பதினான்கு மாதம் கழிந்தது. 2023 நவம்பர் 26, அதே மைதானம், அதே இரவு நேரம், அதே கூக்கபரா வெள்ளைப் பந்து. ஆஸ்திரேலியருக்கு எதிராக இந்தியர் முதல் ஆறு ஓவர்களில் 77 ஓட்டங்களும், இருபது ஓவர்களில் 235-உம் குவித்தனர். பந்தின் மீது பழியோ புகழோ சுமத்துவதாயின் எந்த இரவை வைத்துச் சுமத்துவது?

இவ்விரண்டுக்கும் இடையே, 2023 ஜனவரி 15 அன்று, ஒரே நாளில் ஒரே களத்தில் இந்தியா 390 எடுத்தது. இலங்கை 73-இல் வீழ்ந்தது. 317 ஓட்ட வித்தியாசம், ஒருநாள் ஆட்ட வரலாற்றில் அதுவரை காணாதது. பகலில் அடிபட்ட பந்து விளக்கொளியில் சிராஜின் கையில் பாம்பாயிற்று. இதில் களத்தின் பங்கு எவ்வளவு, நேரத்தின் பங்கு எவ்வளவு, சிராஜின் கை எவ்வளவு என்று பிரித்து நிறுக்க நம்மிடம் தராசு இல்லை. கை ஒன்றே காரணம் என்பாரை மட்டும் நாம் நம்புவதில்லை.

இனி நம் பிள்ளையின் பன்னிரண்டு பந்துகளுக்கு வருவோம். அவன் கையில் கொடுக்கப்பட்டது புத்தம் புதிய, வழுவழுப்பான பந்து. காலை வேளை, புல்லில் பனி. பாயில் கடித்துத் திரும்பும் அந்த விரல்வெட்டு, ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டு நேரே ஓடிற்று. மட்டையாளருக்கு அது பாயசம். அந்நிலையில் செய்யத்தக்கது விரலால் வெட்டுவதன்று. தையலை நிமிர்த்திப் பிடித்து, நீளமாக வீசி, காற்றுக்கு வேலை கொடுப்பது. பந்து தேய்ந்து தரை உலர்ந்த பின்னரே அவனுடைய வெட்டுக்கு இடம் வரும். இதை அவனுக்குச் சொன்னவர் யார்? புல்தரையை அவன் முதன்முதலாக மிதித்ததே அன்றுதான். தண்டவாளம் மாறும் இடத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் பலகை வைக்கிறோம். பலகையே வைக்காமல் ஓட்டுநரைக் குறை சொல்வதை அவன் தந்தையார் தம் வேலையில் ஒருநாளும் ஒப்பமாட்டார்.

தந்தையார் இவ்வவையில் இருக்கிறார் என்பதறிவோம். வருத்தம் நியாயமானதே, படிப்பும் கெடக்கூடாது, பிள்ளை அவமானப்பட்டும் வரக்கூடாது என்ற எண்ணம் அது. நாம் வேண்டுவது மூன்று காலைப் பொழுதுகள். சங்கத்தின் செலவில், வாடகைக்குக் கிடைக்கும் புல்தரைப் பயிற்சிக் களம் ஒன்றுக்கு அவனை அழைத்துச் செல்வோம். முதல் நாள் புதுப் பந்து, இரண்டாம் நாள் தேய்ந்த பந்து, மூன்றாம் நாள் உலர்ந்த களத்தில் நண்பகல். ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது, எவ்வளவு எழுந்தது, எப்பக்கம் போயிற்று என்று நாமே பதிவேட்டில் குறித்து அவரிடம் கொடுக்கிறோம். பதிவேடு எழுதுவதில் இருபது ஆண்டு அனுபவம் நமக்கு உண்டு. அதைப் படித்த பிறகும் காலணிகள் பரணில்தான் இருக்க வேண்டும் என்று அவர் கூறினால் மறுபேச்சுப் பேசமாட்டோம்.

பெட்டிப் பணத்தைப் பற்றி. ஒரு டஜன் உயர்ந்த பந்துகள் வாங்குவது, நம் செம்மண்ணைப் பொறுத்தவரை, வீண். இம்மண்ணில் கோவில்பட்டிக் கரிசலைப் போன்ற பிடிப்பு இல்லை. உருளையிட்டாலும் மேலே சரளை பெயர்ந்துகொண்டே இருக்கும். அந்தச் சரளை ஆயிரக்கணக்கில் விலைபோகும் தோலையும் ஒரே மாலையில் உரித்துவிடும். ஆதலால் பாய்க் கட்சியே நம் கட்சி, ஆயினும் ஒரு திருத்தத்தோடு. சிமெண்டுத் தளத்தின் பக்கத்திலேயே மண் களம் ஒன்றும் இருக்கட்டும். கரிசல் மண் இரண்டு வண்டி கொணர்ந்து கொட்டி, நீர் தெளித்து, உருளை ஓட்டி வைக்கலாம். வாரத்தில் நான்கு நாள் பாய், இரண்டு நாள் மண் என்று பிள்ளைகள் மாறி மாறி வீசினால், தேர்வுக்குச் செல்லும் நாளில் தரை அவர்களுக்குப் புதிதாக இராது.

பெண் பிள்ளைகளையும் மறத்தல் ஆகாது. மகளிர் ஆட்டத்துப் பந்து 140 முதல் 151 கிராம் வரை. நம் குடியிருப்பிலோ பெண்களும் ஆடவர் பந்தையே வீசுகின்றனர். பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்க்குரிய பந்து இன்னும் சிறிது, 133 முதல் 144 கிராம். இவ்விரு வகையிலும் நான்கு நான்கு வாங்கினால் போதும். திருவனந்தபுரத்தில் பிறந்து, நம் இரயில்வே அணிக்கும் ஆடிய ஆசா சோபனா, 2024 பிப்ரவரியில் மகளிர் பிரீமியர் லீக்கில் 22 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் வீழ்த்தினார்; அப்போட்டியில் ஐந்து விக்கெட்டு எடுத்த முதல் இந்தியப் பெண்மணி அவரே. முப்பத்து மூன்றாம் வயதில்தான் இந்திய அணியில் இடம் கிடைத்தது. அவர் பிறந்த ஊரில் நம் பெண்களுக்கு ஏற்ற எடையில் ஒரு பந்து இல்லை என்று சொல்ல நமக்கு நாணமாக இருக்கிறது.

2025-இல் கேரள அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பை இறுதியாட்டத்தை எட்டிய நாள் முதல் நம் தெருவில் மட்டை ஏந்தாத சிறுவன் இல்லை. ஆகவே காலம் கடத்தாமல் குழு கூடி முடிவெடுக்க வேண்டுகிறோம். பாய் வாங்குவதாயின் மழைக்காலத்தில் அதைச் சுருட்டி வைக்க உலர்ந்த இடம் ஒன்று வேண்டும்; நனைந்தால் நார் இற்றுப் போகும். வாசகசாலையின் பின்னறை அதற்குப் பொருந்தும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை, விருந்து முடிந்து கலைவதற்குள் நம்மிடம் தெரிவித்தால் நலம்.